இரண்டு கதவிலும் பெயர்

"பேரெல்லாம் எழுதுற வழக்கம் எங்ககிட்ட இல்லைங்க" என்றார் காப்பகத்து நிர்வாகி அம்மா.

டைல்ஸ் கடைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது.

"சும்மா குடுக்கிறேன்மா. சைக்கிள் இல்லை, காரு. கதவுல நாலு எழுத்து எழுதினா உங்க காப்பகம் தேஞ்சா போயிடும்?"

கழுவித் துடைத்த சின்ன வெள்ளைக் கார் வாசலில் நின்றது. காப்பகத்தில் ஆறு பேருக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டும். இத்தனை நாளாக வாடகை ஆட்டோதான்.

கடைக்காரருக்கும் தேவை இருந்தது. அடுத்த மாதம் வியாபாரிகள் சங்கத் தலைவர் தேர்தல். ஊருக்குள் பெயர் ஓட வேண்டும். தலையில் டைல்ஸ் சுமந்து, திட்டு வாங்கி, கடை போட்டு முன்னுக்கு வந்தவர். எதையும் சும்மா கொடுத்துப் பழக்கமில்லை.

நிர்வாகி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து, டயரைக் கட்டை விரலால் தடவினார். "ஸ்டார்ட் பண்ணுப்பா" என்றார் காப்பகத்து டிரைவரிடம். கார் நான்கு முறை இருமிவிட்டு ஐந்தாவது முறை கிளம்பியது.

கடைக்காரர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தாநாள்தான் காரிலிருந்த புது டயர் நான்கையும் புது பேட்டரியையும் கழற்றி, அதே மாடல் வைத்திருக்கும் மகன் காருக்கு மாற்றி, அதன் பழையதை இதில் போட்டிருந்தார். "குடுக்கிறதுதான் குடுக்கிறீங்க, முழுசாக் குடுத்தா என்ன?" என்று மனைவி கேட்டதற்கு, "ஓசியில வாங்கறவங்களுக்கு ஓடினாப் போதும்" என்று வாயை அடைத்தாயிற்று.

நிர்வாகி நிமிர்ந்தார். "சரிங்க, எழுதிக்கலாம்."

இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்தால் விடலாமா?

"ரெண்டு கதவுலயும் எழுதணும்."

"சரிங்க."

"கடைப் பேரு, என் பேரு, போன் நம்பர், அன்பளிப்புன்னு."

"பெருசாவே எழுதச் சொல்லுங்க. தூரத்துல இருந்தே தெரியட்டும்."

"அஞ்சு வருஷத்துக்கு அழிக்கக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"போட்டுடறேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: "அந்த அம்மாவுக்குப் பேரம்னா என்னன்னே தெரியலைடி. எப்படித்தான் காப்பகம் நடத்துதோ, பாவம்."

திங்கட்கிழமை காலை போன் வந்தது. எதிரிக் கடைக்காரர். அவரும் டைல்ஸ்தான்.

"அண்ணே, உங்க கார் என் கடை வாசல்ல நின்னுபோச்சு. என் பசங்க நாலு பேர் தள்ளறாங்க. உங்க பேர் மேலதான் கையை வெச்சுத் தள்ளறாங்க, தப்பா நினைச்சுக்காதீங்க."

புதன்கிழமை சங்கக் கூட்டம். முடிந்து எல்லோரும் வெளியே வந்தால், கேட்டுக்கு நேரே அதே கார், டயர் இறங்கிக் கிடந்தது. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு, பெயருக்குக் கீழே உட்கார்ந்திருந்தான்.

சங்கச் செயலாளர் மொட்டை டயரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "நல்ல மனசு உங்களுக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்கள்.

கடைக்காரர் நேரே காப்பகத்துக்குப் போனார்.

"முதல்ல அந்த எழுத்தை அழிங்க."

நிர்வாகி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "அஞ்சு வருஷம்னு நீங்கதானே எழுதி வாங்கினீங்க?"

"நானே சொல்றேன், அழிங்க."

"இல்லைங்க. கையெழுத்துப் போட்டுட்டு மாறினா நல்லாவா இருக்கும்?"

"அப்ப வண்டியை வெளியே எடுக்காதீங்க."

"ஆறு பேருக்கு ஆஸ்பத்திரி இருக்கே."

மறுநாள் காலையிலேயே மெக்கானிக் வந்துவிட்டான். நான்கு புது டயர், புது பேட்டரி. கடைக்காரர் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கச் சொல்லி, ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

தெருமுனைக்குப் போனபோது சட்டைப்பையில் ஏதோ உறுத்தியது. காரின் இரண்டாவது சாவி. அதைக்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தார். இதற்கும் ஒரு போன் வர வேண்டுமா? திரும்பி நடந்தார்.

காப்பகத்து அறையில் டிரைவர் குரல் கேட்டது.

"அக்கா, டயர், பேட்டரி ரெண்டும் வந்தாச்சு. இனிமே நம்ம ஆளுங்களைக் கார்லயே கூட்டிட்டுப் போகலாம். பாவம், இந்த வாரமும் ஆட்டோலயே குலுங்கிட்டுப் போனாங்க."

"என்ன பண்றது? அந்த டயரை நம்பி நோயாளியை ஏத்த முடியுமா?"

"பின் சீட்டு மட்டும்தான்க்கா பாக்கி. ஸ்பிரிங் குத்துது. நாளைக்கு வண்டியை எங்க நிறுத்தட்டும்?"

நிர்வாகி கொஞ்சம் யோசித்தார்.

"அவர் சம்பந்தி வீடு எந்தத் தெருன்னு விசாரிச்சியா?"

கடைக்காரர் வாசலில் நின்றார். இருபது வருடமாகச் சந்தையில் பேரம் பேசுகிறார், இப்படி ஒருத்தரிடம் மாட்டியதில்லை.

உள்ளே போய், சாவியை மேசைமேல் வைத்தார்.

"சீட்டை நாளைக்கே மாத்திடறேன்" என்றார். "சம்பந்தி வீடு மட்டும் வேணாம்மா."