மிச்சம் இரண்டு ரத்தக் குழாய்கள்

பிற்பகல் வெயில் வார்டு ஜன்னல் கம்பிகளின் நிழலை மூட்டை தூக்குகிறவரின் போர்வை மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. காலையில் கிடங்கு வாசலில், லாரியடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். இப்போது வலி இல்லை; சிகிச்சைக் குழாயை நுழைத்த மணிக்கட்டில் இறுக்கிய பட்டை மட்டும் கடுக்கிறது. நின்றபடியே தூங்கிவிடுவார் போலிருக்கும் டாக்டர், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: "முழுசா அடைச்சிருந்த ரத்தக் குழாயைத் தொறந்து ஸ்டென்ட் வச்சாச்சு. இன்னும் ரெண்டு சுருங்கிக் கெடக்கு. எல்லாத்தையும் இன்னைக்கே செஞ்சா உங்க உடம்பு தாங்காது. அடுத்த மாசம் கண்டிப்பா வரணும். வலி போனதும் பாதிப் பேர் வர்றதில்ல." "ஒண்ணு ஓடுதில்ல டாக்டர், போதும். மறுபடி படுத்தா என் எடத்துல வேற ஆளப் போட்டுடுவாங்க." அதே கிடங்கில் சுமை தூக்கும் மனைவி, முக்காலியில் உட்கார்ந்தபடியே சீறுகிறாள். "மூட்டையோட மூட்டையா விழுந்து கெடந்தியே, அப்ப எங்கய்யா போச்சு இந்த வாயி? நீ வர வேணாம், நானே தூக்கிட்டு வர்றேன். உன்னவிடக் கனமானதெல்லாம் தூக்கியிருக்கேன்." டாக்டர் சிரிக்க வாயைத் திறந்து, கொட்டாவி விட்டுவிட்டு நகர்கிறார். மூட்டைக்காரர் போர்வை மேல் கிடக்கும் கம்பி நிழல்களை ஒவ்வொன்றாக எண்ணி முடிக்கிறார். "சரி, வர்றேன்" என்கிறார் கடைசியில். "தூக்கறதெல்லாம் வேணாம், நடந்தே வர்றேன்." கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து அவள் தூங்கிப்போயிருக்கிறாள். விழித்ததும் இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று நினைத்தபடியே அவரும் கண்ணை மூடுகிறார்.