மூன்றாம் நாள் நடுக்கம்

பசியாவரம் கரையில் வெயில் மங்குகிறது. மூன்று நாளைக்கொருமுறை குளிர்காய்ச்சலில் நடுங்கும் அங்கம்மாவின் வாயால்தான் எல்லம்மா சாமி கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று குறி சொல்கிறாள். நடுக்கம் வரவேண்டிய இன்று, டச்சுக் கோட்டையின் வைத்தியத் துரை, பொய்முடிக்குள் வேர்த்தபடி, கசப்பு மருந்தைப் புகட்டிவிட்டு, "இது காய்ச்சல், சாமியல்ல" என்று மொழிபெயர்க்கும் துபாஷியின் வழியாகப் பிரசங்கம் செய்கிறார். அங்கம்மாவுக்கு நடுக்கம் வரவில்லை. "கேக்காம போன ரெண்டு படகு இன்னும் திரும்பல. போலாமா வேணாமானு இப்ப யார்டி சொல்றது?" என்கிறான் அவள் புருஷன் குப்பன், துடுப்பும் கையுமாக. "எல்லம்மா சொல்லுவாய்யா. அவளுக்கு என் வாயி ஒண்ணுதானா கீது?" காற்று நின்றுவிடுகிறது. துரையின் பற்கள் தந்தியடிக்கின்றன. பொய்முடி நழுவி மணலில் விழுகிறது. தமிழில் ஒரு சொல்லும் அறியாதவரின் வாயிலிருந்து, அங்கம்மாவின் குரலிலேயே வருகிறது: "இன்னிக்கி எவனும் போவாதீங்கடா." குப்பன் துடுப்பைக் கீழே போடுகிறான். துபாஷி, கடமை தவறாமல், அதை டச்சில் துரைக்கே சொல்கிறான்.