ஆதிலட்சுமி மெஸ்ஸுக்குப் போங்க

விருத்தாசலத்தில் பூர்ணிமா விசாரித்த அத்தனை பேரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள்.

அவள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். ‘ஒரே நாளில் ஓர் ஊர்’ என்று யூடியூபில் சானல் நடத்துகிறாள். எங்கே போகலாம், எதில் ஏறலாம், என்ன சாப்பிடலாம் என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும்.

எங்கே போகலாம் என்றதற்கு ஆளுக்கொரு பதில் வந்தது. “ஸ்ரீமுஷ்ணம் போங்க. பூவராகரைச் சேவிச்சிட்டு, பிரசாதமா தர்ற கோரைக்கிழங்கு உருண்டையை மறக்காம வாங்கிக்குங்க” என்றாள் பூக்காரி. “கொளஞ்சியப்பர் கோயில்ல முருகனுக்குப் பிராது எழுதிக் கட்டுங்க. கோர்ட்டை விடச் சீக்கிரம் தீர்ப்பு வரும்” என்றார் இன்னொருவர். சொன்னவர் வக்கீல்.

“மலை ஏறணும்னா?” என்று ஆட்டோக்காரர் சாமிக்கண்ணுவைக் கேட்டாள். “விருத்தாசலம்னாலே பழைய மலைன்னுதானே அர்த்தம்?”

“மலை பேருலதாங்க இருக்குது. பூமிக்குள்ள போயிடுச்சின்னு சொல்லுவாங்க. பாக்காத மலையத்தான் கும்பிட்டுக்கிட்டு இருக்கோம். ஏறியே தீரணும்னா ஆட்டோவுல ஏறுங்க.”

“சரி, சாப்பாடு?”

“ஆதிலட்சுமி மெஸ்.”

இதில் மட்டும் கருத்து வேற்றுமையே இல்லை. பூக்காரியும் அதைத்தான் சொன்னாள். வக்கீலும் அதைத்தான் சொன்னார்.

பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்தது மெஸ். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. பூர்ணிமாவுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, சாமிக்கண்ணுவும் எதிரே உட்கார்ந்துகொண்டார். அவள் தம்ளரில் கேமராவைச் சாய்த்துவைத்து, முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.

சாம்பாரில் உப்பு இல்லை.

கூட்டைத் தொட்டுப் பார்த்தாள். ரசத்தை உறிஞ்சிப் பார்த்தாள். எல்லாம் ஒரே கட்சி.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். ஊரே சேர்ந்து சொன்னால் பொருந்திவிடுமா?

“உங்களுக்கு இங்க கமிஷன் எவ்ளோண்ணா?” என்றாள்.

சாமிக்கண்ணு சமையற்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, இலையில் தூவிக்கொண்டு, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த பீங்கான் பட்டறை ஆளும் அப்படியே எட்டிப் பார்த்தார், தூவினார், ஒளித்தார்.

பூர்ணிமா எழுந்தேவிட்டாள்.

“அம்மா! இந்த சாம்பார்ல...”

“இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தணுமாம்!” என்று கத்தினார் சாமிக்கண்ணு.

ஆதிலட்சுமி வாளியோடு முகம் மலர வந்தாள். “அதுக்கு ஏம்மா எழுந்திருக்கிற? நல்லா உக்காந்து சாப்பிடு. நெறைய இருக்குது.”

இலை நிறைந்தது.

கை கழுவும் இடத்தில் பூர்ணிமா சாமிக்கண்ணுவைப் பிடித்துக்கொண்டாள். “என்னண்ணா நடக்குது இங்க?”

“தப்பு எம்மேலதாங்க. வெளியூர்க்காரங்கள ஆட்டோவுல ஏத்தும்போதே ஒரு பொட்டலம் குடுத்து வெவரம் சொல்லிடுவேன். இன்னைக்கு மலைப் பேச்சுல மறந்துட்டேன்.”

“உப்பு இல்லன்னு அவங்ககிட்டயே சொல்லிட வேண்டியதுதானே?”

சாமிக்கண்ணு குழாயை மூடினார்.

“கொரோனா சமயத்துல எங்க வூட்டுக்குத் தகரம் அடிச்சிட்டாங்க. கூடப் பொறந்தவன் தெருமுனையிலயே நின்னு பாத்துட்டுப் போயிட்டான். இந்தம்மாதான் தெனமும் தூக்குவாளியோட வந்து தகரத்தைத் தட்டும். ‘சாமிக்கண்ணு, சூடு ஆறதுக்குள்ள எடு.’ எங்க வூட்டுக்கு மட்டும் இல்லீங்க, தகரம் அடிச்ச எல்லா வூட்டுக்கும். கடைசியில அதுக்கே வந்துடுச்சி. பொழச்சி வந்துச்சி, நாக்கு மட்டும் வரல.”

“அவங்களே சொன்னாங்களா?”

“எங்க சொல்லும்! ஒரு நாளு ரசத்துல உப்பே இல்ல. ஒரு வாய் குடிச்சிப் பாத்துட்டு, ‘இன்னைக்கு நல்லா வந்திருக்குது’ன்னுச்சி. அப்பவே புரிஞ்சி போச்சி. தெரிஞ்சா அன்னைக்கே மெஸ்ஸை மூடிடும்மா. அந்த மாதிரி ஆளு. அதான் ஆளுக்கொரு பொட்டலம்.”

“என் சானலை நம்பி வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்றது?”

“எங்க ஊருல மலைகூடத்தான் இல்ல. அதுக்காக யாராவது கோவிச்சிக்கிட்டுத் திரும்பிப் போனாங்களா?”

உள்ளே வந்தபோது ஆதிலட்சுமி நேரே கேட்டாள். “எப்படிம்மா இருந்துச்சி சாப்பாடு?”

பெஞ்சுகளில் மெல்லுவது நின்றது.

பூர்ணிமா கேமராவை முகத்துக்கு நேரே திருப்பினாள். “விருத்தாசலம் வந்தா, ஆதிலட்சுமி மெஸ்ல சாப்பிடாம போயிடாதீங்க.”

மெல்லுவது தொடர்ந்தது.

“வாம்மா, அடுப்படியையும் படம் எடுத்துக்க” என்று ஆதிலட்சுமி அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

அடுத்த பந்திக்கு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆதிலட்சுமி பீங்கான் ஜாடியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளினாள். ரசத்தின் மேலே கொண்டுபோன கை நின்றது. பாதியைத் திரும்ப ஜாடியிலேயே உதிர்த்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ரசத்தில் போட்டாள்.

“ஏம்மா பாதியைத் திருப்பிப் போட்டுட்டீங்க?” பூர்ணிமாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆதிலட்சுமி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். வெளியே சாமிக்கண்ணு யாரோ ஒருவர் கையில் பொட்டலம் திணித்துக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நாக்குதாம்மா செத்துப் போச்சி. கண்ணு நல்லாத்தான் தெரியுது. கொறைஞ்சா அதுங்க பாக்கெட்டுல இருக்குது. கூடிப் போச்சின்னா, பாவம், அதுங்க யார்கிட்ட போய்ச் சொல்லும்?”