முப்பத்தாறு கட்டைகளில் ஜெசிந்தா

கணினியில் இசை கோக்கும் அருள்தாஸ், பதினொரு படங்களின் பாடல்களில் ஒரே பெண் குரலை வைத்திருந்தான். அது அவன் மனைவி ஜெசிந்தாவின் குரல். கல்யாணமான புதிதில் அவளை மைக் முன்னால் நிறுத்தி, சுரத்துக்கு ஒரு 'ஆ' பாடவைத்து, கட்டையை அழுத்தினால் அவள் குரல் ஒலிக்கும்படி கீபோர்டின் முப்பத்தாறு கட்டைகளிலும் ஏற்றிக்கொண்டான். நடுநடுவே அவள், "போதுங்க, ஆடு கத்துறாப்ல இருக்கு" என்று சிணுங்கியதையும், சிரித்ததையும், மூச்சு வாங்கியதையும் வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்று வெட்டி அழித்தான். மகள் பிறந்த மூன்றாம் மாதம் ஒரு காய்ச்சலில் ஜெசிந்தா இறந்துபோனாள்.

மகள் பெனிட்டாவுக்கு இப்போது ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு அப்பா இசையமைத்த படம் பார்த்துவிட்டு வந்தவள் நேராக அவன் அறைக்குள் நுழைந்தாள்.

"பாட்டுல வர்றது அம்மாதான்னு அத்தை சொன்னாங்க. அம்மா பேசுனது ஏதும் இல்லையாப்பா?"

"இல்லம்மா. இதுதான் இருக்கு."

அவள் ஒரு கட்டையை அழுத்தினாள். குரல் எழுந்து, அறுபடாமல் நீண்டுகொண்டே போனது.

"அம்மா மூச்சே விடலையேப்பா."

"நான்தாம்மா வெட்டிட்டேன்."

அவள் கட்டையை அழுத்தியபடியே இருந்தாள். விரல் நுனி வெளுத்துவிட்டது.

"போதும்டா, கைய எடு."

"எடுத்தா நின்னுடும்லப்பா," என்றாள் பெனிட்டா.