மூன்று பிரதி மன்னிப்பு

“அப்போ, பந்து எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டாள் ஒன்பதாம் நம்பரின் அம்மா. பேனா கையில் இருந்தது. மூடியைத் திறக்கவில்லை.

நடுவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். “கார்னர்லேர்ந்தும்மா.”

“கார்னர்னா?”

இருவருக்கும் நடுவில், டீப்பாயின் மேல், மன்னிப்புப் படிவம் மூன்று பிரதிகள் கிடந்தன.

கால்பந்து சங்கத்தின் புது விதி அது. தப்பான தீர்ப்புக் கொடுத்த நடுவர், பாதிக்கப்பட்ட ஆட்டக்காரனின் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். செய்த தப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மன்னித்துவிட்டோம் என்று வீட்டுப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும். ஆட்டக்காரனே போட்டால் செல்லாது.

கையெழுத்து இல்லையென்றால் விசில் இல்லை.

நாளைக்கு இறுதி ஆட்டம். இருபத்திரண்டு வருடம் மைதானம் மைதானமாக ஓடித் தேய்ந்த பிறகு அவருக்குக் கிடைத்த முதல் இறுதி ஆட்டம். சங்க அலுவலகம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். சுவர்க் கடிகாரம் நாலே காலைத் தாண்டிவிட்டது.

அவர் செய்ததாகச் சொல்லப்பட்ட தப்பு இதுதான். போன வாரம் அரையிறுதியில் ஒன்பதாம் நம்பர் எகிறிப் போட்ட கோலை, பந்து கையில் பட்டது என்று சொல்லி, செல்லாது என்றார்.

ஐந்து பேர் குழு உட்கார்ந்து வீடியோவைப் பதினொரு தடவை ஓட்டிப் பார்த்தது. படம் பிடித்தவன் நின்றதோ முதுகுப் பக்கம். மூன்று பேர் தலை என்றார்கள். இரண்டு பேர் கை என்றார்கள். ஆகவே தலை.

பதினொன்றாவது தடவை ஓடும்போது நடுவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கண்ணால் பார்த்ததுதான். ஆனால் மூன்று பேர் சொல்கிறார்களே!

“வாயால சொன்னா எனக்குப் புரியாது தம்பி. செஞ்சு காட்டுங்க,” என்றாள் அம்மா.

வேறு வழி? ஃபிரிட்ஜ் இருந்த மூலை கார்னர் ஆனது. டிவி மேஜை கோல் கம்பம் ஆனது. சோபாவில் கிடந்த சின்னத் தலையணை பந்து ஆனது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பி டிவிக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

“நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேணாம். அந்த கீப்பரும் அப்படித்தான் நின்னான்,” என்றார் நடுவர்.

உள்ளறையிலிருந்து ஒன்பதாம் நம்பர், தலை துவட்டிய துண்டோடு வந்தான். “எதுக்கும்மா இதெல்லாம்? அவர்தான் தப்புன்னு ஒத்துக்கிட்டாரே, விடும்மா.”

“சும்மா நில்லுடா. உன் மானத்துக்காகத்தான் இவ்வளவும்.”

மருமகள் ஃபிரிட்ஜ் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கல்யாணமாகி ஒரு வருடத்தில் அந்த வீட்டில் அவளுக்கு இவ்வளவு சந்தோஷமான வேலை கிடைத்ததில்லை போலும். தலையணையை வீசு வீசென்று வீசினாள்.

தலையணை உயரமாக வந்தது. ஒன்பதாம் நம்பர் எகிறினான்.

எகிறியவனின் வலது கை, அவனைக் கேட்காமலே, காதோரம் எழும்பியது. தலையணையை ஒரு தட்டு.

தலையணை அப்பாவின் மூக்கை உரசிக்கொண்டு போய் டிவியில் மோதி விழுந்தது.

“கோல்தானே?” என்றார் அப்பா.

ஒன்பதாம் நம்பர், அடுத்த வீட்டுக்காரன் கையைப் பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்தான்.

“என்னங்க, கை...” என்று ஆரம்பித்தாள் மருமகள்.

“நீ போய் அடுப்பைப் பாரு.”

“அடுப்புல ஒண்ணும் இல்லையே அத்தை.”

“இல்லாத அடுப்பைப் பாரு, போ!”

நடுவரின் விரல்கள் தாமாகவே நெஞ்சுக்குப் போயின. அங்கே விசில் இல்லை. சட்டைப் பொத்தான்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு வாரமாக அவர் சரியாகத் தூங்கவில்லை. இனிமேல் தூங்கலாம். அவர் கண் பொய் சொல்லவில்லை. போன வாரமும் கைதான்.

அதைச் சொன்னால் போதும். சொன்னால் தப்பு இல்லை. தப்பு இல்லையென்றால் மன்னிப்பு இல்லை. மன்னிப்பு இல்லையென்றால் கையெழுத்து இல்லை.

மணி நாலரை. அலுவலகத்துக்கு பஸ்ஸில் இருபது நிமிடம்.

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பேனாவின் மூடியை மெதுவாகத் திறந்தாள்.

“நீங்களே சொல்லுங்க தம்பி. கையா, தலையா?”

நடுவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“தலைம்மா.”

“சத்தமா சொல்லுங்க. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

“தலை!” என்று கத்தினார் நடுவர். அவ்வளவு உறுதியாக மைதானத்தில்கூட அவர் எதையும் சொன்னதில்லை.

“அப்படியா? எனக்குக் கை மாதிரி பட்டுச்சு,” என்று சொல்லிக்கொண்டே அப்பா பேப்பரைத் தேடினார்.

அம்மா மூன்று பிரதியிலும் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டாள். மை காயும்படி ஊதிக்கூடக் கொடுத்தாள்.

நடுவர் படிவங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினார். வழியனுப்ப அம்மாவும் கூடவே வந்தாள்.

“மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க தம்பி. அன்னைக்கு நீங்க கோலைக் கெடுத்தும், பெனால்டி அடிச்சு நம்ம பசங்க ஜெயிச்சுட்டாங்க இல்ல?”

“ஆமாம்மா.”

“நாளைக்கும் இவன்தான் ஒன்பதாம் நம்பர்,” என்றாள். “இப்ப பாத்தீங்களே, அதே மாதிரி பாருங்க.”