ஒன்பதாம் பட்டை

துணி வெட்டும் கத்தரியில் யாராவது காகிதம் வெட்டினாலே ஒரு வாரம் பேசமாட்டாள் தையல்காரி. இன்று அதே கத்தரியின் நுனியால் சுவர் ஆணியை நெம்பிக்கொண்டிருந்தாள்.

சந்தோஷம் அப்படி.

ஜன்னல் விளிம்பில், பஞ்சின் மேல் ஒரு முட்டை. மூன்றாவது நாளாக ஒன்பதாம் நிறம்.

ஒரு நாள் பார்த்துவிட்டு நம்புகிறவள் அல்ல அவள். முதல் நாள், முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள். இரண்டாம் நாள், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். மூன்றாம் நாளான இன்றுதான் நோட்டில் பேனாவால் எழுதினாள். அதுவரை பென்சில்.

சுவரில் இருந்தது பெயிண்ட் கடையில் கொடுத்த வண்ண அட்டை. பழுப்பில் ஒன்பது பட்டைகள், பக்கம் பக்கமாக, ஒவ்வொன்றும் மேலிருந்து கீழ்வரை. ஒன்றாவது வெளிர். போகப் போகக் கருமை.

கோழிகள் அப்பா விட்டுப்போனவை. கரும்பழுப்பு முட்டைக்கென்றே பேர்போன இனம். இப்போது இரண்டே வீடுகளில்தான் மிச்சம். பாதி அவளிடம், பாதி தம்பியிடம்.

அப்பாவின் காலத்திலேயே நிறம் குறைய ஆரம்பித்திருந்தது. "இது என்னோட போயிடும்போல" என்று ஒருநாள் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். சொன்னவர் போய்விட்டார். சொன்னது அவளிடம் தங்கிவிட்டது.

அவர் போன மறுவாரம் அட்டையை மாட்டினாள். முதல் முட்டை ஏழு. நோட்டின் முதல் வரி அதுதான்.

விளக்கு வெளிச்சம் ஏமாற்றும். அதனால் நாளெல்லாம் வெயில் விழும் சுவராகப் பார்த்து மாட்டினாள். கோணிக்கொள்ளாமல் இருக்க, மேல் ஓரத்தைப் பழைய மர ஸ்கேலால் அழுத்தி இரண்டு முனையிலும் ஆணி அடித்தாள். தினமும் காலை எட்டு மணிக்கு முட்டையை அட்டையோடு வைத்துப் பார்ப்பாள். ஆறு வருடத்தில் ஒரு நாள் தவறவில்லை.

சேவல் முட்டையிடாது. அது எந்த நிறத்தைச் சுமக்கிறது என்பது அதன் பெண்குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட்ட பிறகுதான் தெரியும். தாய் ஏழு, மகள் எட்டு என்றால் சேவல் தங்கம். அப்படித்தான் 'மாப்பிள்ளை' என்ற சேவல் அந்த வீட்டில் நிலைத்தது. ஏழு போட்ட தாய்கள் ஒவ்வொன்றாகக் கறிக்கடைக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் அழுதாள். அனுப்பத்தான் செய்தாள்.

சில நாள் முட்டை வெளுத்தாற்போலத் தோன்றும். தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். அட்டை சொல்லும் எண்ணை எழுதிவைத்தாள்.

தம்பி வேன் ஓட்டுகிறவன். அட்டையும் கிடையாது, நோட்டும் கிடையாது. "கோழிக்கு ரவிக்கை தைக்கப்போறியா அக்கா, இப்படி அளவெடுக்கிற?" என்பான்.

இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஊர் அவனுடையது. அவன் வீட்டு முட்டையை அவள் பார்த்தே வருடங்கள் ஆகின்றன. அப்பா காலத்து நிறம் அப்படியே இருக்கிறது என்று போனில் சொல்வான். "அப்படின்னா நீ இன்னும் ஏழுலயே நிக்கிறடா" என்பாள். அந்தக் கிழட்டுச் சேவலைக் கழித்துவிடு, வெளுத்த கோழிகளையும் கழித்துவிடு, மாப்பிள்ளையின் குஞ்சுகளைத் தருகிறேன் என்று நான்கு வருடமாகக் கெஞ்சினாள். அவன் பிடிகொடுக்கவில்லை.

நேற்று பக்கத்து வீட்டுக்காரியும் பார்த்த பிறகு, ஒன்பது என்று போனில் சொன்னாள். "அப்பா பார்த்திருக்கணும்" என்றான் அவன். "சரி, உன் இஷ்டம்."

இன்று சாயங்காலம் குஞ்சுகளோடு போகிறாள். கூடவே முட்டையும் அட்டையும். பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் அவன் கேலி அடங்கும்.

இரண்டாவது ஆணியும் கழன்றது. ஸ்கேல் கையோடு வந்தது.

அட்டையின் மேல் ஓரத்தில், ஸ்கேல் மூடியிருந்த இடத்தில், இரண்டு விரல் அகலம் மட்டும் வேறொரு அட்டைபோல இருந்தது.

அங்கே ஒன்பதாம் பட்டை ஏறக்குறைய கறுப்பு. அதே பட்டை ஸ்கேலுக்குக் கீழே பால் அதிகமான டீயாக இருந்தது.

முட்டையை எடுத்து மேல் ஓரத்தில் வைத்தாள். ஒன்பதில் இல்லை. எட்டில் இல்லை. நகர்த்திக்கொண்டே வந்தாள். நான்கில் போய்ப் பொருந்தியது.

சாயத் துணியை வெயிலில் காயப்போடாதீர்கள் என்று, தைக்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்கிறவள் அவள்.

ஆறு வருடத்தில் முட்டை கறுக்கவில்லை. அட்டை வெளுத்திருந்தது.

போனை எடுத்தாள். இரண்டு முறை தப்பாக அழுத்தி, மூன்றாவது முறை கிடைத்தான்.

"டேய், அந்தக் கிழட்டுச் சேவல..."

"அதை ஏன் கேக்குற? நேத்தே குழம்பாயிடுச்சு. உன் மருமகன் ஒரு மூச்சு அழுதுட்டு, அப்புறம் ரெண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்னான்."

"கோழிங்க?"

"நீதானேக்கா சொன்ன, வெளுத்ததை வச்சுக்காதன்னு. காலையில கறிக்கடையில கொடுத்துட்டு வந்துட்டேன். கூண்டைக் கழுவி வச்சிருக்கு. எத்தனை மணி பஸ்ஸுக்கு வர்ற?"

அட்டையின் மேல் ஓரத்தைக் கட்டைவிரலால் மூடி, முட்டையை அதன் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடினால், ஒன்பதாகத்தான் இருந்தது.