அசையாத நாற்காலி

"படம் வரைஞ்சா சோறு போடுமாடா?" என்று அப்பா கேட்டார். அதனால் மகன் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்துவிட்டதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஓவியக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான்.

தினமும் காலையில் இருவரும் ஒன்றாகத்தான் கிளம்புவார்கள். அப்பா ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்.

"என்னைப் பாரு. கம்ப்யூட்டர் படிச்சேன். இத்தனை வருஷத்துல என் நாற்காலியை யாராவது அசைக்க முடிஞ்சுதா?"

"இல்லப்பா." மகனின் பைக்குள் பென்சில் டப்பா கடகடக்கும்.

"என்னடா சத்தம்?"

"மவுஸ்ப்பா."



இன்று வகுப்பில் முதல்முறையாக நிஜ மனிதரைப் பார்த்து வரையும் பாடம்.

"இவர் ஒரு மணி நேரம் அசையவும் கூடாது, பேசவும் கூடாது. அதுக்குத்தான் சம்பளம்," என்றார் ஆசிரியர்.

மேடை மேல் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். காலையில் போட்ட அதே சட்டை. கழுத்தில் அட்டை மட்டும் இல்லை.

மகனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்.

"அசையாதீங்க சார்!"

உட்கார்ந்துவிட்டார். மகன் அவருடைய சட்டைப் பொத்தானையே பார்த்து ஒரு மணி நேரம் வரைந்தான்.

மணி அடித்ததும் அப்பா மெல்ல இறங்கி அருகில் வந்தார்.

"ஆபீஸ்ல நாற்காலியை அசைச்சுட்டாங்கடா. போன மாசமே."

அப்பா படத்தைப் பார்த்தார்.

"எல்லாம் சரி. கண்ணை மட்டும் ஏன்டா வரையலை?"

"நிமிர்ந்து பார்க்க முடியலப்பா."

"பார்த்திருந்தாலும் வரைஞ்சிருக்க முடியாது. மூடித்தான்டா வச்சிருந்தேன்."